வெயிலை நம்பி ஓடும் ரோவர் நின்றுபோனால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். இரண்டும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள். மாவட்ட எல்லையைத் தாண்டினால் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பொறியியல் பிள்ளைகள் ஆளுக்கொரு ரோவர் கட்டுவதில் ஆச்சரியமில்லை. பெரும்பாலான வண்டிகள் போட்டி நாளில் ஓடி, சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டு லேப் அலமாரிக்குள் போய்விடும். அவற்றுக்கு இந்தக் குறிப்பு தேவையில்லை. வெளியே விட்டுவிட்டு, யாரும் தொடாமல், மாதக்கணக்கில் வெயிலை மட்டும் தின்று ஓட வேண்டிய வண்டி என்றால் தொடர்ந்து படியுங்கள்.

செவ்வாயிலும் நிலாவிலும் ஓடிய வண்டிகளின் கதையை இடையிடையே சொல்லுவேன், அலங்காரத்துக்காக அல்ல. முட்டத்துச் செம்மணலில் உங்கள் வண்டிக்கு வரும் நோய் அங்கேயும் வந்திருக்கிறது. அங்கே ஸ்குரூ டிரைவரோடு யாரும் போக முடியாது என்பதால், காரணத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் பட்ட பாடு விவரமாகப் பதிவாகி இருக்கிறது.

சக்கரம் புதைந்தாலும், மெமரி நிரம்பினாலும், கடிகாரம் தப்பினாலும், சோலார் வண்டி கடைசியில் சாவது ஒரே காரணத்தால்தான்: மின்சாரச் செலவு மின்சார வரவைத் தாண்டிவிட்டது. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் மூடியைத் திறக்கும் முன் வரவு செலவுக் கணக்கைப் பாருங்கள்.

முதலில் மூன்று அளவு

பேசுவதற்கு ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். 20 வாட் பேனல், நாலு செல் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி (12.8 வோல்ட், 6 ஆம்பியர் அவர்), ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், வண்டியின் மூளையாக ஒரு இ.எஸ்.பி.32 போர்டு, ஆறு கியர் மோட்டார். நல்ல வெயில் நாளில் படுக்கையாக வைத்த பேனல் 70 வாட் அவர் தந்தால் சந்தோஷப்படலாம். ஜூன், ஜூலைச் சாரலில் அது 20க்கும் கீழே இறங்கும். செலவுப் பக்கத்தில், கெட்டித் தரையில் ஆறு மோட்டாரும் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 20 வாட் அவர். வைஃபையை அணைக்காமல் நாள் முழுக்க விழித்திருக்கும் போர்டு மட்டுமே 12 முதல் 18 வரை தின்னும். சாரல் நாளில் வண்டி ஓரடிகூட நகராமலே வரவு தீர்ந்துவிடும் என்று இதிலேயே தெரிகிறது.

அளவு ஒன்று: பேனல் வயரைக் கழற்றி, நேர் வெயிலில் இரண்டு முனைக்கும் இடையே வோல்டேஜ். 21, 22 வோல்ட் காட்ட வேண்டும். அளவு இரண்டு: மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலின் இரு முனையையும் மீட்டர் வழியாகவே சேர்த்து கரன்ட் பாருங்கள். உச்சி வெயிலில் 1.2 ஆம்பியர் அளவுக்கு வரும். இந்தச் சின்ன பேனலை இப்படி ஷார்ட் செய்தால் ஒன்றும் ஆகாது. பேட்டரியில் மட்டும் மறந்தும் செய்துவிடாதீர்கள், வயர் உருகும். அளவு மூன்று: எல்லா லோடையும் கழற்றிவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பேட்டரி வோல்டேஜ். லித்தியம் பாஸ்பேட்டில் 13.2 வோல்ட் என்பது பாதி நிறைந்ததாகவும் இருக்கலாம், முக்கால் நிறைந்ததாகவும் இருக்கலாம். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். 12க்குக் கீழே போனால் மட்டும் பேட்டரி காலி என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

அறிகுறி: வெயில் கொளுத்துகிறது, வரவு நாளுக்கு நாள் குறைகிறது

வோல்டேஜ் சரியாக இருந்து கரன்ட் மட்டும் குறைந்திருந்தால் தூசி அல்லது நிழல். வோல்டேஜ் கிட்டத்தட்ட பாதியாகிப் போயிருந்தால் பேனலுக்குப் பின்னால் உள்ள சின்னப் பெட்டியைத் திறந்து பைபாஸ் டயோடைப் பாருங்கள் (நிழல் விழுந்த செல்களைச் சுற்றி கரன்டுக்கு மாற்று வழி விடுவது அது). 36 செல் பேனலில் வழக்கமாக இரண்டு டயோடு இருக்கும். ஒன்று ஷார்ட் ஆனால் பாதி பேனல் கணக்கில் இருக்காது. பத்துப் பதினொரு வோல்டை வைத்துக்கொண்டு 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்ய முடியாது. டயோடு மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

நிழல் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. தென்னந்தோப்பு ஓரத்தில் நிற்கும் வண்டியின் பேனலில் ஒரே ஒரு ஓலைக்கீற்றின் நிழல் விழும். பேனலில் ஐந்து சதவீதம்கூட மறைந்திருக்காது, ஆனால் வரவு பாதியாகிவிடும். செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் மறைந்த செல் விடும் அளவுதான் மற்ற எல்லா செல்லுக்கும். ஆன்டெனா கம்பியைப் பேனலுக்குத் தெற்கே நட்டுவைப்பதும் இதே வினைதான். நமது மாவட்டம் வட அட்சம் 8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டியும் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். நடுவில் உள்ள மாதங்களில் வடக்கே போய்விடும். அதனால் அலையும் வண்டிக்குப் பேனலைத் தெற்கே சாய்த்துப் பயனில்லை. படுக்கையாக வைத்து, மழைத் தண்ணீர் வழிந்தோடும் அளவுக்கு லேசான சரிவு கொடுத்தால் போதும்.

சரி, தூசிக்கு வருவோம். இதை இடம் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் தூசி காய்ந்த தூசி. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று பேனலையும் துடைத்துவிட்டுப் போகும். அங்கே விட்ட வண்டியின் வரவுக் கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். கையை வைக்காமல் விட்டுவிடலாம். முட்டம், குளச்சல் கரையில் விட்டது அப்படியல்ல. கடல் காற்றில் வரும் உப்பு ராத்திரி ஈரத்தை இழுத்து, தூசியைக் குழைத்துக்கொள்ளும். காலை வெயிலில் அது அப்படியே காய்ந்து படலமாகிவிடும். எந்தக் காற்றும் அதைப் பெயர்க்காது. வரவுக் கோடு இறங்கிக்கொண்டே போனால் உப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில், பேனல் சூடேறும் முன், நல்ல தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு வழித்துவிட வேண்டும். காய்ந்த துணியால் தேய்க்கவே கூடாது. அதில் ஒட்டியிருப்பது மணல், கண்ணாடியில் கீறல் நிரந்தரமாகிவிடும்.

செவ்வாயில் நாசாவின் ஸ்பிரிட் வண்டி 2004 ஜனவரியில் இறங்கியது. திட்டம் 90 செவ்வாய் நாள். தூசி படிந்து வரவு தொடக்கத்தில் இருந்ததில் 60 சதவீதத்துக்கு வந்திருந்தபோது, 2005 மார்ச்சில் ஒரே ராத்திரியில் அது 93 சதவீதத்துக்குத் தாவியது. காற்று துடைத்துவிட்டது. அந்த வண்டி 2010 வரை பேசியதற்கு இப்படிப்பட்ட காற்றுகள் பெரிய காரணம். எல்லா இடத்திலும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. செவ்வாயிலேயே ஓடாமல் ஒரே இடத்தில் நின்ற நாசாவின் இன்சைட் கலத்துக்குக் காற்று பேனலைத் துடைக்கவே இல்லை. 2021 மே மாதம் அதன் கையால் மணலை அள்ளிப் பேனலுக்குப் பக்கத்தில் கொட்டச் சொன்னார்கள். காற்றில் துள்ளிய பெரிய மணல் துகள்கள் பேனலில் ஒட்டியிருந்த பொடியைத் தட்டிவிட்டன. நாளுக்கு 30 வாட் அவர் கூடியது. தூசியைத் துடைக்கத் தூசியையே கொட்டுவது! எனக்குத் தெரிந்து பழுது பார்ப்பதில் இதைவிட அழகான வேலை இல்லை. ஆனாலும் 2022 டிசம்பரில் இன்சைட் அடங்கிவிட்டது. சீனாவின் ஜூராங் என்ற செவ்வாய் ரோவர் 2022 மே மாதம் குளிருக்காகத் தூங்கப் போனது. தூசி மூடிய பேனலோடு எழவே இல்லை.

வைப்பர் வைக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். வைப்பருக்கும் ஒரு மோட்டார், எடை, கெட்டுப்போக இன்னொரு பொருள். அதே எடைக்கு இன்னும் கொஞ்சம் பெரிய பேனல் வைப்பது மேல் என்பது என் கட்சி. கடற்கரை வண்டிக்கு மட்டும் விலக்கு.

அறிகுறி: காலையில் எழும், விழும், மறுபடி எழும், விழும்

மாதக்கணக்கில் ஓட வேண்டிய வண்டிகளில் நான் அதிகம் பார்க்கிற நோய் இது. ராத்திரி பேட்டரி தீர்ந்து போர்டு அணைந்திருக்கும். காலை ஆறரை மணிக்கு மெல்லிய வெளிச்சத்தில் பேனல் கொஞ்சம் கரன்ட் விடும், வோல்டேஜ் எல்லையைத் தாண்டும், போர்டு விழிக்கும். விழித்ததும் வைஃபையைத் தேடும். அந்த ஒரு கணத்தில் கரன்ட் எகிறும், வோல்டேஜ் சரியும், போர்டு அணையும். லோடு போனதும் வோல்டேஜ் மறுபடி ஏறும். இப்படியே ஒன்பது மணி வரை நூற்றுக்கணக்கான தடவை. சம்பாதித்த காலை வெயில் அத்தனையும் எழுந்திருப்பதிலேயே செலவாகிவிடும். போதாக்குறைக்கு, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போவதால் மெமரி கார்டும் கெடும்.

முதலில் இது மின்சார நோயா, புரோகிராம் நோயா என்று பிரிக்க வேண்டும். இ.எஸ்.பி.32 எழும்போது தான் ஏன் விழுந்தோம் என்று கேட்டால் சொல்லும்: வோல்டேஜ் சரிவா, வாட்ச்டாக் (புரோகிராம் உறைந்தால் ரீசெட் செய்யும் காவல் கடிகாரம்) உலுக்கியதா, புரோகிராமே சிக்கியதா. எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் காரணத்தைப் போர்டுக்குள்ளேயே, கார்டில் அல்ல, எழுதிவைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் வெளியே விட்ட வண்டியை நான் கையால் தொடுவதில்லை.

காரணம் வோல்டேஜ் சரிவு என்றால் மருந்து மூன்று. அணையும் அளவும் எழும் அளவும் ஒன்றாக இருக்கக் கூடாது. 12 வோல்டில் அணைந்தால் 13 தாண்டிய பிறகுதான் எழ வேண்டும். இரண்டாவது, எழுந்ததும் எதையும் ஓட்டாமல் வோல்டேஜைப் பார்த்து, போதாது என்றால் பத்து நிமிடம் தூங்கப் போக வேண்டும். வைஃபை, மோட்டார், கேமரா எல்லாம் அதற்கு அப்புறம், ஒவ்வொன்றாக. மூன்றாவது, போர்டுக்குப் போகும் லைனில் ஒரு 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். மோட்டாருக்கும் போர்டுக்கும் ஒரே மெல்லிய வயரில் கரன்ட் கொடுத்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

காரணம் புரோகிராம் என்றால் ஸ்பிரிட் கதை. 2004 ஜனவரி 21, இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. வண்டி பேச்சை நிறுத்திவிட்டு, தானாக ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தது. ராத்திரி தூங்காமல் விழித்தே கிடந்ததால் பேட்டரியும் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபிளாஷ் மெமரியில் சேர்ந்துவிட்ட ஏராளமான ஃபைல்களின் பட்டியலை ஒவ்வொரு தடவை எழும்போதும் வேலை செய்யும் மெமரிக்குள் ஏற்றப் பார்த்தது. இடம் போதவில்லை, விழுந்தது, மறுபடி எழுந்து அதையே செய்தது. ஃபிளாஷையே தொடாமல் எழு என்று பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, ஃபைல்களை அழித்து, ஃபார்மேட் செய்து மீட்டார்கள். நமக்கும் அதே வழிதான். மூன்று தடவை தொடர்ந்து விழுந்தால் நாலாவது தடவை கார்டைத் தொடாமல் எழும்படி புரோகிராமில் ஒரு வழி வைத்துவிடுங்கள். அப்புறம், ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல் எழுதாமல் நாளுக்கு ஒரு ஃபைல் எழுதுங்கள்.

அறிகுறி: ஒன்றுமே ஓடவில்லை, ஆனால் ராத்திரியில் பேட்டரி தீர்கிறது

போர்டைத் தூங்கவைத்துவிட்டு, பேட்டரியின் பிளஸ் வயரை எடுத்து இடையில் மில்லி ஆம்பியர் மீட்டரை மாட்டுங்கள். சிப் தூங்கும்போது மைக்ரோ ஆம்பியரில்தான் தின்னும் என்று அதன் கையேடு சொல்லும், அது சிப்பின் கணக்கு. அதைச் சுமக்கும் போர்டில் ஒரு எல்.இ.டி., ஒரு ரெகுலேட்டர் இருக்கும், இரண்டும் தூங்குவதில்லை. பெரிய திருடன் வழக்கமாக மோட்டார் டிரைவர். பழைய எல்.298 டிரைவர் சும்மா இருக்கும்போதே இருபது முப்பது மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து எதில் மீட்டர் விழுகிறது என்று பாருங்கள். டிரைவருக்குப் போகும் லைனை ஒரு மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வழியாகப் போர்டே அணைக்கும்படி செய்தால் தீர்ந்தது.

ஸ்பிரிட்டின் இரட்டையான ஆப்பர்ச்சூனிட்டியின் கையில், தோள்மூட்டில் இருந்த ஹீட்டரின் சுவிட்ச் தொடக்கத்திலேயே ஆன் நிலையில் மாட்டிக்கொண்டது. அணைக்க வழியில்லை. அதனால் ராத்திரியில் பேட்டரியையே எல்லாவற்றிலிருந்தும் பிரித்துவிடும் ஆழ்ந்த தூக்கத்துக்கு வண்டியைப் பழக்கினார்கள். திருடனைப் பிடிக்க முடியாவிட்டால் வீட்டின் மெயின் சுவிட்சையே இறக்குவது. அதே வண்டி 2018 ஜூன் வரை பேசியது, 45 கிலோமீட்டர் ஓடியது.

அறிகுறி: வண்டி நன்றாக இருக்கிறது, சொன்ன நேரத்துக்குப் பேசுவதில்லை

கடிகாரம் ரீசெட் ஆகியிருக்கும். பேட்டரி ஒரு ராத்திரி முழுசாகத் தீர்ந்திருந்தால், மறுநாள் எழும் வண்டிக்கு மணி என்ன என்று தெரியாது. நீங்கள் காலை பத்துக்குக் காத்திருப்பீர்கள், அது தன் கணக்கில் பத்து மணி ஆகும்போது, நம் கணக்கில் சாயங்காலம் ஐந்துக்கு, யாருமில்லாத காற்றில் பேசும். 2022 மே மாதம் செவ்வாயில் இன்ஜென்யூயிட்டி ஹெலிகாப்டருக்கு அச்சு அசலாக இதுதான் நடந்தது. குளிரும் தூசியும் சேர்ந்து ராத்திரியில் பேட்டரியை இறக்க, கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போய்விட்டது. பெர்சிவரன்ஸ் ரோவரைக் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்கவைத்துத்தான் அதைப் பிடித்தார்கள்.

வண்டியில் டி.எஸ்.3231 கடிகார மாட்யூல் ஒன்று வையுங்கள். மலிவு மாட்யூல்களில் ஒரு வம்பு இருக்கிறது: சார்ஜ் ஆகும் பட்டன் செல்லுக்கென்று ஒரு சார்ஜ் லைன் போட்டிருப்பார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண 2032 செல்லை மாட்டி 5 வோல்ட் கொடுத்தால் செல் வீங்கும். அந்த லைனில் உள்ள டயோடையோ ரெசிஸ்டரையோ பெயர்த்துவிட்டு மாட்டுங்கள். இதையும் தாண்டி ஒரு காப்பு வேண்டும் என்றால், கடிகாரத்தை நம்பாமல் பேனல் வோல்டேஜ் உச்சத்தைத் தொடும் நேரத்தை நண்பகல் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். மேகம் ஏமாற்றும், ஆனால் அரை மணி, ஒரு மணி தப்பினால் பரவாயில்லை.

அறிகுறி: சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

இதற்கு மோட்டார் கரன்டைப் பாருங்கள், வேறெதுவும் வேண்டாம். கரன்ட் வழக்கத்தைவிடக் குறைவு என்றால் சக்கரத்தை ஷாஃப்டில் பிடித்திருக்கும் குட்டி ஸ்குரூ தளர்ந்திருக்கிறது, அல்லது கியர் பல் போயிருக்கிறது. கரன்ட் எகிறி நின்றால் கல்லோ வேரோ சிக்கியிருக்கிறது, உடனே நிறுத்துங்கள், மோட்டார் எரியும். கரன்ட் கொஞ்சம் மட்டும் கூடி, சீராக, மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் மணலில் வழுக்குகிறது.

மூன்றாவதுதான் கெட்டது. ஏனென்றால் வண்டிக்குத் தான் நின்ற இடத்திலேயே நிற்பது தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று என்ற கணக்குப்படி அது இருபது மீட்டர் போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும். ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளாடுவதால் உதவாது. கேமரா இருந்தால் ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, இரண்டு படமும் ஒன்றுபோல இருந்தால் நில் என்று சொல்லுங்கள். கேமரா இல்லையென்றால் இழுபடும் சின்னச் சக்கரம் ஒன்றைப் பின்னால் மாட்டி அதன் சுற்றை எண்ணலாம். மோட்டார் இல்லாத சக்கரம் பொய் சொல்லாது.

ஆப்பர்ச்சூனிட்டி 2005 ஏப்ரலில் ஒரு மணல் மேட்டில் இப்படிப் புதைந்து, வெளியே வர ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. ஸ்பிரிட் 2009 மே மாதம் புதைந்தது. ஏற்கெனவே அதன் முன் வலது சக்கரம் 2006இல் செயலிழந்து, அந்தக் காலை இழுத்துக்கொண்டு பின்னோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே எடுக்க முடியவில்லை. புதைந்ததால் மட்டும் அது சாகவில்லை. தெற்கு அரைக்கோளத்தில் இருந்த அந்த வண்டியை முந்தைய குளிர்காலங்களில் வடக்குப் பார்த்த சரிவில் நிறுத்தி வெயில் காட்டினார்கள். இந்தத் தடவை பேனலைச் சூரியனுக்குத் திருப்ப வழியில்லை. வரவு குறைந்தது, ஹீட்டருக்குக் காசில்லை, 2010 மார்ச்சுக்குப் பிறகு பேச்சில்லை. சக்கரக் கோளாறு கடைசியில் மின்சாரக் கோளாறாகவே முடிந்தது.

முட்டத்துச் செம்மணல் தேரியில் மேல் தோல் கெட்டியாகத் தெரியும், அடியில் பொலபொலவென்று இருக்கும். வழுக்குகிறது என்று தெரிந்த உடனே நிறுத்துங்கள். முன்னால் தள்ளாதீர்கள், வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே அமுங்கிய மண். ஆறு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றாமல், இரண்டிரண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினால் குழி ஆழமாகாது. சக்கரத்தை அகலமாக்குவது பல்லை உயரமாக்குவதைவிடப் பலன் தரும். உயரமான பல் மணலைத் தோண்டவே தோண்டும்.

அறிகுறி: மோட்டார் முறுமுறுக்கிறது, ஒரு பக்கம் இழுக்கவில்லை

மணவாளக்குறிச்சிக் கரையில் ஓட்டிப் பார்த்த ஒரு மாணவர் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, வலது பக்க மோட்டார் ரெண்டும் முறுமுறுங்குது. கிரீஸ் போட்டாச்சு, சரியாகல."

"கிரீஸ் போடாத மக்ளே. மோட்டார் டப்பாவில் ஓட்டை இருக்கா பாரு."

இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே காந்தத்தின் மேல் கறுப்பாகத் தாடி முளைத்ததுபோல மணல். அந்தக் கரையின் மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்திருக்கிறது. இல்மனைட்டுக்குக் கொஞ்சம் காந்த ஈர்ப்பு உண்டு, கூடவே மாக்னடைட் துகள் இருந்தால் கேட்கவே வேண்டாம். சாதாரண மணல் மோட்டாருக்குள் போனால் கொட்டிவிடலாம். இது உள்ளே போனால் ஒட்டிக்கொண்டு வெளியே வராது, ஆர்மேச்சருக்கும் காந்தத்துக்கும் நடுவே அரைத்துக்கொண்டே இருக்கும். கிரீஸ் போட்டால் இன்னும் கெட்டியாக ஒட்டும்.

ஊதி எடுக்க முடியாது. ஒட்டும் டேப்பைக் குச்சியில் சுற்றி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பொறுமை இல்லையென்றால் மோட்டாரை மாற்றிவிடுங்கள். புது மோட்டாரின் காற்று ஓட்டைகளை மெல்லிய துணியும் பசையும் வைத்து மூடிவிட்டு ஓட்டுங்கள். கொஞ்சம் சூடாகும், ஓட்டத்தை ஐந்து நிமிடம் ஓட்டம், பத்து நிமிடம் ஓய்வு என்று வைத்தால் தாங்கும். செவ்வாய்த் தூசியிலும் காந்தச் சத்து உண்டு. அதை அளப்பதற்கென்றே ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டியில் காந்தங்களை ஒட்டி அனுப்பினார்கள். இந்த ஒரு விஷயத்தில் மணவாளக்குறிச்சியைவிட நல்ல சோதனைக் களம் நமக்குக் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் வைத்துச் சோதிக்கலாம் என்று அந்த மணலை மூட்டை கட்டாதீர்கள். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, சட்டக் கட்டுப்பாடும் உண்டு. நிலா மண் மாதிரி வேண்டுமென்றால் இஸ்ரோ தன் சோதனைகளுக்கு நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துத்தான் செய்துகொண்டது. உங்களுக்குக் கிரஷர் தூசியே போதும்.

அறிகுறி: பெட்டிக்குள் ஈரம், கனெக்டரில் பச்சை

இறுக்கி மூடிய பெட்டி பகலில் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், ராத்திரி குளிர்ந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஒரு மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் நிற்கும். அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு மெல்லிய வலை வையுங்கள். பச்சை பிடித்த கனெக்டரைச் சுரண்டிப் பயனில்லை, வெட்டி எறிந்து சாலிடர் வைத்து மேலே ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். பேட்டரியைப் பேனலுக்கு நேர் அடியில் ஒட்டாதீர்கள். செவ்வாயில் லித்தியம் பேட்டரிக்குக் குளிர் எமன், இங்கே சூடு.

அறிகுறி: நல்ல வெயில், நல்ல பேனல், ஆனாலும் எழவே இல்லை

மூன்று நாள் தொடர் மழைக்குப் பிறகு வரும் புகார் இது. பேனலில் 21 வோல்ட் இருக்கிறது. பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் பூஜ்ஜியம். பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கிவிடுவார்கள். பாதி நேரம் பேட்டரி சாகவில்லை. செல்லைக் காப்பாற்ற உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். போர்டு வாசலை அடைத்திருக்கிறது. சார்ஜ் கன்ட்ரோலரில் பல வகை, தான் இயங்குவதற்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்துதான் எடுக்கும். பேட்டரி பூஜ்ஜியம் காட்டுவதால் கன்ட்ரோலர் எழவில்லை, கன்ட்ரோலர் எழாததால் பி.எம்.எஸ். வாசலைத் திறக்கவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கையில் வண்டி இருந்தால், கரன்ட் வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 14 வோல்ட், அரை ஆம்பியர் கொடுத்துப் பேட்டரி முனையில் சில நொடி தொட்டால் எழுந்துவிடும். தொடுவதற்கு முன் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளந்து பாருங்கள். ஏதாவது ஒன்று 2 வோல்டுக்குக் கீழே கிடந்தால் எழுப்ப வேண்டாம், அந்தப் பேட்டரியை ஓரம் கட்டுங்கள்.

தூரத்தில் இருக்கும் வண்டிக்கு யார் போய்த் தொடுவது? சந்திரயான்-3இன் பிரக்யான் ரோவர் 2023 ஆகஸ்டில் நிலாவில் இறங்கி 100 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடியது. செப்டம்பர் தொடக்கத்தில், பேட்டரியை நிறைத்து, பேனலை அடுத்த விடியலுக்குத் திருப்பிவைத்துத் தூங்கவிட்டார்கள். பதினான்கு நாள் ராத்திரிக்குப் பிறகு எழவில்லை. அதற்கு அந்தக் குளிரைத் தாங்கும் ஹீட்டர் கொடுக்கப்படவுமில்லை, வேலை முடிந்திருந்தது, எழுந்தால் லாபம் என்ற கணக்குதான். ஜப்பானின் ஸ்லிம் கலம் 2024 ஜனவரியில் நிலாவில் கவிழ்ந்து இறங்கி, பேனல் மேற்கே பார்த்துவிட்டது. பேட்டரி 12 சதவீதத்துக்கு வந்ததும், இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டலாமே என்று பார்க்காமல், பேட்டரியைப் பிரித்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து சூரியன் மேற்கே வந்ததும் அது பேனல் மின்சாரத்தில் எழுந்து வேலை செய்தது. அதற்கப்புறம் நிலாவின் ராத்திரிகளைக்கூடத் தாண்டியது.

உங்கள் வண்டியிலும் அந்த இரண்டையும் செய்யுங்கள். பி.எம்.எஸ். வாசலை அடைக்கும் அளவுக்கு வெகுமுன்பே, 12 வோல்டிலேயே, போர்டு தன் லோடு எல்லாவற்றையும் தானே கழற்றிவிட வேண்டும். கன்ட்ரோலர் வாங்கும்போது பேட்டரி இல்லாமல் பேனலில் மட்டும் எழுமா என்று கடையில் கேட்காதீர்கள், எழும் என்றுதான் சொல்வார்கள். பெஞ்சில் வைத்துப் பாருங்கள். சாயங்காலம் பேட்டரியை முழுசாக இறக்கி, பி.எம்.எஸ். அடைத்துக்கொள்ளும்வரை விட்டு, அப்படியே மொட்டை மாடியில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிடுங்கள். மறுநாள் நண்பகலுக்குள், யாரும் தொடாமல், அதனிடமிருந்து செய்தி வந்தால் வெளியே விடலாம். வரவில்லையென்றால் அந்தக் கன்ட்ரோலரை மாற்றும்வரை மற்ற எந்தப் பழுதையும் பார்க்க வேண்டாம்.